ஒன்று விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை

சாலைத் துறைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. முகத்துக்கு நேரே "மேடம்" என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் "முட்டுக்கட்டை கையெழுத்துப் போட்டாச்சா?" என்பார்கள். அவளுக்குத் தெரியாது என்று நினைப்பு. ஒரு நாள் தொலைபேசி அடித்தபோது அவளே எடுத்து, "முட்டுக்கட்டைதான் பேசறேன், சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் இருந்தவர் பதறிப்போய் வைத்துவிட்டார். பாவம், அவர் கேட்க வந்தது ஏதோ விடுமுறைப் பட்டியல்.

அவள் வேலை அப்படி. ஒரு சாலையோ பாலமோ கிடங்கோ கட்டப் போகிறார்கள் என்று வையுங்கள். பக்கத்தில் அரசாங்கம் பாதுகாத்து வைத்திருக்கிற காடோ சதுப்போ இருந்தால், "இதைக் கட்டினால் அதற்கு என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்டால் போதாது. நேரில் போய்ப் பார்த்து, எண்ணி, எழுதி, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். கெடுதல் இல்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தால்தான் கட்டலாம். 'இருக்காது என்று நினைக்கிறேன்' என்ற கதையெல்லாம் செல்லாது. பாதிப்பு மதிப்பீடு என்று அதற்குப் பெயர். பதினாறு வருடம் மலைக்காட்டில் வௌவாலும் வண்ணத்துப்பூச்சியும் எண்ணியவள், ஒன்பது மாதத்துக்கு முன்புதான் இந்தக் கடலோர அலுவலகத்துக்கு வந்தாள்.

மாற்றல் கேட்டதும் அவள்தான். வேறு எதற்கு, புருஷனுக்காகத்தான். அவர் பேருந்து டிரைவர். வீடு இந்த ஊரில். ஆனால் அவருடைய டெப்போ இரண்டரை மணி நேரத் தொலைவில். விடியும் முன் வண்டி எடுக்க வேண்டும் என்பதால் வாரத்தில் ஐந்து நாள் டெப்போவிலேயே, இருபது இரும்புக் கட்டில் போட்ட ஹாலில் படுக்கை. இவள் மலையில், அவர் கட்டிலில். இப்போது இவள் வந்துவிட்டாள், அவர் இன்னும் அந்தக் கட்டிலில். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் நாத்தனார், அதாவது டிரைவரின் தங்கை, ஒரு நாள் இவர்கள் சேர்ந்திருந்த நாட்களை விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள். "அண்ணி, மூணு வருஷம்கூட முடியல. நீங்க இன்னும் புதுப்பொண்ணுதான், போங்க!" என்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் ஊருக்கு வெளியே புது டெப்போ வரப் போகிறது என்று செய்தி வந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். பேருந்துக் கம்பெனி கறாராகவே எழுதியிருந்தது: இந்தப் பருவத்துக்குள் அனுமதி கிடைத்தால் இங்கே, இல்லாவிட்டால் பழைய டெப்போவையே பெரிதாக்கிக்கொள்வோம், அதோடு பேச்சு முடிந்தது. டிரைவர் அன்றைக்கே சைக்கிளுக்கு இரண்டு டயரும் புதிதாக மாற்றிவிட்டார்.

இடம் ஒரு பொட்டல் மைதானம். மைதானத்தை ஒட்டிச் சேற்றுவெளி. சேற்றுவெளி முழுக்கப் பறவைகள் சரணாலயம். எங்கிருந்தோ ஆயிரம் ஆயிரம் மைல் பறந்து வரும் உள்ளான்கள் நான்கு மாதம் அந்தச் சேற்றைக் கிளறித் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு போகும். அப்புறம் கோப்பு யார் மேசைக்கு வரும்? முட்டுக்கட்டை மேசைக்குத்தான்.

அவள் ஒளிக்கவில்லை. 'திட்டத்தில் உறவினர் எவருக்கேனும் தொடர்பு உண்டா?' என்ற கட்டத்தில் 'கணவர், டிரைவர்' என்று எழுதிக்கொண்டு போய் அலுவலகத் தலைவர் முன்னால் நின்றாள். தலைவர் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்த மனிதர். ஓய்வுக்கு முன்னால் எந்த வம்பும் வேண்டாம் என்பது ஒன்றுதான் அவருடைய பிரார்த்தனை.

"இந்த ஆபீஸ்ல பறவை எண்ணத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். நான் எண்ணினா காக்காயும் குருவியும் ஒண்ணுதான். நீங்களே பாருங்க" என்று, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'டிரைவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல' என்று தன் கையால் எழுதிச் சுருக்கொப்பம் போட்டுவிட்டார்.

அவளும் ஒழுங்காகத்தான் எண்ணினாள். அலுவலகத்துக்கு ஒரே ஜீப். மரப் பிரிவுக்காரர்களோடு பங்கு. அவளுடைய முறை ஒன்று விட்டு ஒரு செவ்வாய், காலை பத்து மணி. மூன்று மாதம், ஆறு செவ்வாய்க்கிழமை. தூரநோக்கியை முக்காலியில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் நின்றாள். சேற்றுவெளியில் இரண்டாயிரத்துச் சொச்சம் உள்ளான்கள். மைதானத்தில் ஒரு பறவை கிடையாது. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ஆறு தடவையும் அதே கதை. 'திட்ட இடத்தைப் பறவைகள் பயன்படுத்துவதில்லை. பாதிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது கை கொஞ்சம் துள்ளியது என்பதை மறைப்பானேன்!

முட்டுக்கட்டை ஒரு திட்டத்துக்குச் சரி என்று எழுதிவிட்டாள் என்பதே ஊருக்குச் செய்தி. நாத்தனார் மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி எண்ணிக்கை முடிந்து கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. டிரைவர் வீட்டில் இருந்தார். "வா, நம்ம டெப்போவப் பாத்துட்டு வரலாம்" என்று அவளைக் கிளப்பினார். அவர் சிநேகிதர் ஓட்டி வந்த பேருந்திலேயே ஏறி, கடைசி நிறுத்தம் வரை போனார்கள். மைதானத்தை ஒட்டித்தான் வண்டி திரும்பி நிற்கும். மதியம் பன்னிரண்டேகால் இருக்கும். டிரைவர் இறங்காமலே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"அதோ அந்த மூலையில நம்ம வண்டி நிக்கும். பாத்தியா, வேலை ஆரம்பிச்சிட்டாங்க போல. ஜல்லி கொட்டிட்டாங்க!"

அவள் பார்த்தாள். மைதானத்தின் கடல் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அந்த ஜல்லி கொஞ்சம் நகர்ந்தது. ஒற்றைக் காலில் நின்றது. இறக்கையைக் கோதியது.

"என்னங்க," என்றாள், "அது ஜல்லி இல்ல."

அவளுக்குப் பின்னால் இருந்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அட, அது உள்ளான் மேடம். தண்ணி ஏறினா தெனம் இங்கதான் வந்து நிக்கும். வருஷா வருஷம் பாக்கறோமே."

"நீங்க யாருமே சொல்லலியே!"

"நீங்க யாருமே கேக்கலியே" என்றார் கண்டக்டர், டிக்கெட் கட்டைச் சரி செய்துகொண்டே.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, படகுச் சாமான் கடையில் இனாமாகக் கொடுக்கும் கடலேற்ற அட்டவணையைத் தேடி எடுத்துத் தரையில் விரித்தாள். தன் ஆறு தேதிகளையும் அதில் வைத்துப் பார்த்தாள். ஆறும் வற்றம். தண்ணீர் அடியோடு வடிந்த நேரத்துக்கு மிஞ்சிப் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னே பின்னே. கடல் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளித் தள்ளி ஏறும். பதினான்கு நாளில் சுற்றி வந்து, கிட்டத்தட்ட பழைய நேரத்திலேயே நிற்கும். ஜீப்பும் பதினான்கு நாளுக்கு ஒரு முறை. நிலாவும் ஜீப்பும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி, அவளை ஆறு தடவையும் தண்ணீர் இல்லாத நேரத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன! வற்றத்தின்போது உள்ளான்கள் சேற்றில் மேயும். ஏற்றத்தின்போது சேறு முழுகிவிடும். அப்போது காய்ந்த வெட்ட வெளி ஒன்று வேண்டும். அது அந்த மைதானம்தான். கடலோரத்தில் வேலை பார்க்கிற யாரும் முதலில் பார்ப்பது அட்டவணையைத்தான். மலையிலிருந்து வந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. ஆறு வெவ்வேறு தேதி, ஆறு வெவ்வேறு எண்ணிக்கை என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

டிரைவர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி எழுதணுமா?"

"ஆமா."

"எழுதினா டெப்போ?"

அவள் அட்டவணையை மடித்தாள்.

"ஜல்லின்னுதானே நான் சொன்னேன்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "நீயும் ஆமா ஜல்லின்னு சொல்லியிருக்கலாம். நீயும் நானும் கண்டக்டரும்தானே பாத்தோம்."

"அதுங்க ரெண்டாயிரம் பேர் நம்மளப் பாத்துச்சே."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பார். சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "இங்க பாருங்க. அதுங்களுக்கு அது மைதானம் இல்ல. ரெண்டு ட்யூட்டிக்கு நடுவுல கால நீட்டற இடம். உங்க ஹால்ல இருக்கிற இரும்புக் கட்டில் மாதிரி. அதையும் எடுத்துட்டா, தண்ணி வடியற வரைக்கும் வானத்துலயே சுத்திக்கிட்டு இருக்கணும். சேத்து வெச்ச கொழுப்பெல்லாம் கரைஞ்சு போயிடும். அப்புறம் ஊர் போய்ச் சேராது."

டிரைவர் பையை எடுத்துக்கொண்டு சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிட்டார். வழக்கமாக வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் தலைவர் அறைக்குப் போய், நான் எழுதியது தப்பு, வாபஸ் வாங்குகிறேன் என்றாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எழுதினதை நீங்களே தப்புன்னு சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"இந்த ஆபீஸ்ல அதுக்கு ஃபாரமே இல்லையேம்மா. அடுத்தவங்க எழுதினது தப்புன்னு சொல்றதுக்கு மூணு ஃபாரம் இருக்கு." அவர் இழுப்பறையை இழுத்து இழுத்துத் தேடினார். கடைசியில் விடுப்பு ரத்து செய்யும் படிவம் ஒன்றை எடுத்து, 'விடுப்பு' என்பதை அடித்துவிட்டு 'மதிப்பீடு' என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் டிரைவர்தானே?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதருக்கும் மனசு இருந்திருக்கிறது பாருங்கள்.

அனுமதிக் குழு இருபத்தோரு நாள் தவணை கொடுத்தது. அதற்கு மேல் பறவையும் போய்விடும், கம்பெனியும் போய்விடும். அதற்குள் ஏற்றத்தில் எண்ணி, டெப்போவால் என்ன ஆகும் என்று திரும்ப எழுத வேண்டும். ஜீப் மட்டும் அப்போதும் ஒன்று விட்டு ஒரு செவ்வாய்தான். மரப் பிரிவுக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்கள். அவர்களுக்கும் மரம் இருந்தது.

மூன்று நாள் வீட்டில் போன் வரவில்லை. வந்தது நாத்தனாருக்குத்தான். அவள் மாடிப்படியில் நின்று, "அண்ணி, அண்ணன் சாப்பிட்டாராம். உங்ககிட்ட சொல்லச் சொல்லல, நானா சொல்றேன்" என்று ஒலிபரப்பினாள். திரைச்சீலை பாதித் தையலில் மெஷின் மேலேயே கிடந்தது. இவளைக் குத்திக்காட்ட வேண்டுமென்று இல்லை. ஆனால் இவளுக்கு அந்தப் பக்கம் கண்ணே போகவில்லை.

வியாழக்கிழமை அவளுக்கே போன் வந்தது. எடுத்த எடுப்பில், "நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி ஏறுது?" என்றார் டிரைவர்.

"நாலரை. ஏன்?"

"நம்ம ஊர் வண்டியில ட்யூட்டி மாத்திக்கிட்டேன். மைதானத்துகிட்ட ஒரு மணி நேரம் நிப்பேன். வந்து ஏறிக்கோ." அப்புறம், "அந்தக் கட்டில்ல படுத்துப் பாத்தேன். நீ சொன்னது சரிதான். இதையும் புடுங்கினா மனுசன் என்ன பண்ணுவான்?" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டுக் கீழே ஓடிப்போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் வாயில் குண்டூசி இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். டிரைவர் யார் யார் காலிலோ விழுந்து, ஏற்றம் எந்த நேரமோ அந்த நேரத்து வண்டியை வாங்கிக்கொண்டார். ஒரு நாள் காலை ஏழு, ஒரு நாள் பதினொன்று, ஒரு நாள் மதியம் இரண்டு. ஏற்றம் தள்ளத் தள்ள இவர் ட்யூட்டியும் தள்ளியது. டெப்போவில் இவருக்கு 'உள்ளான்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் ஊருக்குள்ளேயே ஏறிக்கொண்டு, கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் ஜன்னலோரம் தூரநோக்கியை வைத்து எண்ணுவாள். பேருந்து நின்ற இடத்துக்கும் பறவைக்கும் நாற்பது கெஜம்தான். ஒன்றுகூட அசையவில்லை. இன்னொரு பேருந்து வந்து திரும்பியது. அசையவில்லை. ஹார்ன் அடித்தது. ஒன்றிரண்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அலகை முதுகில் செருகிக்கொண்டன.

மூன்றாம் நாள் டிரைவர் முன் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று மைதானத்துப் பக்கமாக இறங்கினார். கால் தரையில் பட்டதோ இல்லையோ, இரண்டாயிரம் பறவையும் குபீரென்று கிளம்பிவிட்டன. வானம் திரும்பி மடிந்து இன்னொரு பக்கம் போனது.

"ஏறுங்க! ஏறுங்க!" என்று அவள் கத்தினாள்.

"நான் என்ன பண்ணேன்? கண்ணாடிதானே துடைச்சேன்!"

"ஏறுங்க முதல்ல!"

அவர் ஏறினார். கால் மணி நேரம் கழித்து எல்லாம் திரும்பி வந்து பழையபடி ஒற்றைக் காலில் நின்றன. அவள் தூரநோக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற?"

"பஸ்ஸுக்கு அதுங்க பயப்படல. டிரைவருக்குத்தான் பயப்படுது!"

"ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. "பாசஞ்சர்தான் பயப்படறான்னா, பறவையுமா?"

மேலும் பதினான்கு ஏற்றம் பார்த்தாள். வேண்டுமென்று ஒரு தடவையும் கலைக்கவில்லை. கலைக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஊரில் ஆளுக்கா பஞ்சம்? குடையை மறந்தவர் திரும்பி வந்தார். ஒதுங்க இடம் தேடி ஒருவர் வந்தார். நாயைத் தேடி நாய்க்காரர் வந்தார். ஆள் நடந்து வந்தால் நூற்றைம்பது கெஜத்திலேயே கிளம்பின. வண்டி நாற்பது கெஜத்தில் வந்தாலும் நின்றன. பதினேழு ஏற்றமும் அதேதான். எல்லாவற்றையும் நேரம் போட்டு, தூரம் போட்டு எழுதிக்கொண்டாள். இன்னொன்றும் கவனித்தாள். பறவைகள் நின்றது மைதானத்தின் கடல் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே. ஊர்ப் பக்கம் ஒரு நாளும் வரவில்லை.

டெப்போவின் வரைபடம் போட்ட இன்ஜினியர் நல்ல மனிதர். கக்கத்தில் சுருட்டிய காகிதம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. முட்டுக்கட்டை வருகிறாள் என்றதும் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். அவள் காகிதத்தை மேசையில் விரிக்கச் சொன்னாள். கடல் பக்கமாக டீ ரூம், ஓய்வு அறை, கழிப்பறை, நடைபாதை. ஊர்ப் பக்கமாக வண்டி நிறுத்தம்.

"டீ ரூம ஏன் சார் கடல் பக்கம் வெச்சீங்க?"

"காத்து வருமேன்னு மேடம். டிரைவருங்க பாவம், நாள் பூரா இன்ஜின் சூட்டுல..."

அவள் காகிதத்தின் இரண்டு முனையைப் பிடித்து, முழுதாகச் சுற்றி, தலைகீழாக வைத்தாள். இப்போது மனிதர்கள் புழங்குவதெல்லாம் ஊர்ப் பக்கம். பேருந்துகள் எல்லாம் கடல் பக்கம் பார்த்துச் சுவர் மாதிரி வரிசையாக. அதற்கும் அந்தப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு மைதானம் சும்மா. "அங்க ஒரு மனுசக் கால் படக் கூடாது. வண்டி வேணா நிக்கட்டும்" என்றாள்.

இன்ஜினியர் நெடுநேரம் பார்த்தார். "கேட் மட்டும் இடிக்குது" என்றார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கேட்டை இடம் மாற்றினார். "இவ்வளவுதானா மேடம்? நீங்க மூட்டை கட்டச் சொல்லப் போறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

டிரைவர்கள் சங்கத்தில்தான் ரகளை. கடல் காற்று போச்சே, கடலைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கும் பாக்கியம் போச்சே என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். பறவைக்காக மனுசன் கழிப்பறையைச் சுற்றிக்கொண்டு போவதா என்று ஒருவர் மேசையைத் தட்டினார். இவள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். "யோவ், கடலையா பாக்கப் போறீங்க? ட்யூட்டி முடிஞ்சா வீட்டுக்குப் போங்கய்யா! நான் பத்தொன்பது வருஷமா அதுக்குத்தான் காத்திருக்கேன்" என்றார். அப்புறம் யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லை.

குழுக் கூட்டம் ஒரு நீள மேசையில் நடந்தது. மூன்று உறுப்பினர்கள். தலைமை உறுப்பினர் அம்மாள் அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். முதல் பக்கத்தில் 'என் முந்தைய மதிப்பீடு தவறானது, காரணம் கீழே' என்று இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இப்படி ஒரு வரி பாத்ததில்ல. உங்களுக்கு இது சங்கடமா இல்லையா?"

"இருக்கு மேடம். ஆனா முன்ன எழுதினதை விட்டிருந்தா இன்னும் சங்கடமா இருக்கும்."

"உங்க கணவர் டிரைவர்னு போட்டிருக்கு. இந்த டெப்போ வந்தா அவருக்கு நல்லது. அப்ப இந்த ரெண்டாவது அறிக்கைய நான் எப்படி நம்பறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். "நம்ப வேண்டாம் மேடம்" என்றாள். "பதினேழு ஏற்றத்தோட தேதியும் நேரமும் கொடுத்திருக்கேன். நாளைக்கும் ஏறும். வந்து ஜன்னல் வழியா பாருங்க."

அம்மாள் வந்தார். மறுநாள், கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பேருந்தில். ஒரு மணி நேரம் பார்த்தார். இறங்கும்போது ஊர்ப் பக்கமாகக் குனிந்து, சத்தமில்லாமல் இறங்கினார். அந்த வயதில் அது லேசான காரியம் இல்லை.

அனுமதி வந்தது, பதினொரு நிபந்தனைகளோடு. டெப்போ அடுத்த பருவத்துக்குள் எழுந்துவிட்டது. கட்டுமான வேலை எல்லாம் பறவை இல்லாத மாதங்களில். நாத்தனாரின் திரைச்சீலை மாடி ஜன்னலில் ஏறியது.

டிரைவர் புது டெப்போவிலிருந்து முதல் வண்டியை எடுத்த நாள். விடியற்காலை போனவர், மதியம் பன்னிரண்டரைக்கு ட்யூட்டி முடித்து, சைக்கிளை மிதித்துப் பத்தே நிமிடத்தில் வீட்டு வாசலில் நின்றார். முகமெல்லாம் பல். பட்டப்பகலில், வார நாளில், தன் வீட்டு வாசலில்! அவருக்கே நம்பிக்கை வரவில்லை. மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

"அண்ணியா?" என்றாள் நாத்தனார், மெஷினை நிறுத்தாமலே. "டெப்போவுக்குப் போயிருக்காங்க. தண்ணி ஏறுதாம்."

நிபந்தனை எட்டு: மூன்று வருடத்துக்குப் பருவம் முழுக்க, வாரம் நான்கு ஏற்றத்தில் எண்ண வேண்டும். எண்ணுவதற்காக ஓட்டத்துக்கு உதவாத பழைய பேருந்து ஒன்றை வரிசைக்கு முன்னால், கடல் பக்கம் நிறுத்தி வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறும் முன் உள்ளே போக வேண்டும். வடிந்த பிறகுதான் இறங்க வேண்டும். நடுவில் கதவு திறக்கக் கூடாது.

"பத்தொன்பது வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்தா, பொண்டாட்டி டெப்போல இருக்கா!" என்று தங்கையிடம் கத்திவிட்டு, டிரைவர் சைக்கிளைத் திருப்பினார்.

அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அவள் அந்தப் பழைய வண்டியின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். தூரத்தில் சேறு முழுகத் தொடங்கியிருந்தது.

"நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன். பூட்டியிருக்கு!"

"தெரியும். உள்ள வர்றதுன்னா இப்பவே வாங்க. இன்னும் அஞ்சு நிமிஷத்துல அதுங்க வந்துடும். அப்புறம் இறங்க முடியாது."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

அவர் யூனிஃபார்மோடு ஏறினார். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். முதல் கூட்டம் வந்து இறங்கியது, அதன் பின்னால் அடுத்தது. மைதானம் சாம்பல் நிறமாகியது. டிரைவர் கால் போன போக்கில் ஓட்டுநர் இருக்கைக்குப் போனார். அங்கே ஸ்டீரிங் கழற்றப்பட்டிருந்தது. திரும்பி வந்து அவள் பக்கத்தில், இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தார்.

"எழுந்து நடக்கலாமா?"

"கூடாது."

"போன்?"

"மணி அடிக்கும். அணைச்சுடுங்க."

"அப்ப மூணு மணி நேரம் நான் என்னதான் பண்றது?"

அவள் எண்ணிக்கைப் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. அதை அடக்கிக்கொண்டு எண்ணுவது பெரிய பாடாக இருந்தது.

"பேசுங்க" என்றாள். "மெதுவா."